ஹியூபேட்டுக்காக வேகம் குறைத்த கதை

என்னைக் கொம்பியூட்டர் தெரிந்தவன் என்று முதலில் சொன்ன ஆள் யாரென்று தெரிந்தால், தேடிப் பிடித்து நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்க வேண்டும் என்றிருக்கிறேன். கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்குப் பகுதிக் கிளாக்கர் நான். பெயர் கதிர்காமநாதன். முகத்துக்கு முன்னால் நாதன், முதுகுக்குப் பின்னால் சுடுதண்ணி நாதன். எண்பத்தொன்பதில் எங்கள் ஒபிசுக்கு முதல் கொம்பியூட்டர் வந்தபோது அதன் பிளக்கைச் சுவரில் செருகியவன் நான்தான். என் தகுதி அவ்வளவே. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை அல்லவா? அந்த ஒரு பிளக்கை வைத்துக்கொண்டு பத்து வருஷம் நிபுணன் என்று நடந்து திரிந்தேன்.

அந்தக் கொம்பியூட்டரில் காலையில் கணக்கு ஓடும். மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்ததும் கிரிக்கெட் ஓடும். எந்தக் கப்பலிலோ வந்த எவனோ தந்துவிட்டுப் போன புளொப்பியில் இருந்த விளையாட்டு அது. கறுப்புத் திரையில் நாலே நாலு நிறம். ஆட்டக்காரர் எல்லோரும் நெருப்புக்குச்சி உருவம். இரண்டு பேர் ஒரே கீபோர்ட்டில் ஆட வேண்டும். பந்து போடுகிறவன் வேகப் பந்தா, மெதுப் பந்தா, சுழல் பந்தா என்று மூன்று கீயில் ஒன்றைக் கள்ளமாய் அமத்துவான். குச்சி மனிதன் டிக் டிக் டிக் என்று காலடிச் சத்தத்தோடு ஓடி வந்து பந்தை விடுவான். அடிக்கிறவன் சரியான நேரம் பார்த்து ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். முந்தினாலும் போல்ட், பிந்தினாலும் போல்ட்.

என் எதிராளி ஹியூபேட். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, சென் லூசியாஸ் கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு, எங்கள் ஒபிசில் சரக்கு பில் அடிக்கிறவன். எப்போதும் சட்டைப் பையில் ஒரு சீப்பு வைத்திருப்பான். என்னை அவுட் ஆக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் அந்தச் சீப்பை எடுத்துத் தலை வாருவான். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வரும். சத்தம் போடுவேன், கீபோர்ட்டைத் தள்ளுவேன், "இனி உன்னோட விளையாடினா என்னை நாயெண்டு கூப்பிடு" என்பேன். அடுத்த நாள் மத்தியானம் அந்த நாய் அவனுக்கு முதலே கதிரையில் உட்கார்ந்திருக்கும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதக் கடைசியில் கோட்டையில் குண்டு வெடித்தது. நான் அன்று பல் பிடுங்க லீவு எடுத்திருந்தேன். ஹியூபேட்டின் மேசை ஜன்னல் பக்கம். ஜன்னல் கண்ணாடி முழுவதும் தூளாகி உள்ளே வந்தது. உயிர் தப்பிவிட்டான், இரண்டு கண்ணும் போய்விட்டன. ஆசுபத்திரியில் கண்ணில் கட்டோடு கிடந்தவனிடம் பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்து, தமிழனாகிய நீ அந்த நேரம் அங்கே என்ன செய்தாய் என்று விசாரித்தார்களாம். "பில் அடிச்சனான்" என்று சொன்னானாம். அவன் கடைசியாய் விட்ட பகிடி அதுதான் என்று நினைக்கிறேன். பங்குனியில் நாடு உலகக் கிண்ணத்தை வென்றபோது கொட்டாஞ்சேனை முழுக்கச் சீனவெடி கொளுத்தினார்கள். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த ஹியூபேட் அந்தச் சத்தம் ஓயும்வரை கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு பிரம்புக் கதிரைதான் அவன் உலகம். நாங்கள் ஒபிஸ்காரர் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வைத்த மாலுபாண் வாங்கிக்கொண்டு போவோம். குரலைத் தாழ்த்திக் கதைப்போம். அவன் எதைச் சொன்னாலும் "ஓம் ஓம், அது சரி" என்போம். வெளியே போகாதே என்று மனைவி புளோறன்ஸும் சொல்லவில்லை, போ என்றும் வற்புறுத்தவில்லை. சுடுதண்ணி நாதன் என்று பேரெடுத்த நானும் அந்த வீட்டு வாசலைக் கடந்தால் பச்சைத்தண்ணிதான். மூன்று வருஷம் இப்படியே போயிற்று.

தொண்ணூற்றொன்பதில், பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு நாள், புளோறன்ஸ் வெள்ளவத்தைக்கு எங்கள் வீடு தேடி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். என் மனைவி நாகேஸ்வரி தேத்தண்ணி கொண்டு வந்து வைக்க முதலே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"அண்ணை, உங்கட ஒபிசில ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில இருக்கிற மிஸ் பென்சனில போறாவாம். அந்த வேலையை இவருக்குத் தாறன் எண்டு பெரியவர் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். கண் தெரியாதவையும் அந்த வேலை வடிவாச் செய்யலாமாம். ஆனா முதல்ல ட்ரெயினிங் எடுக்க வேணும். பாஸ்கு முடியக் கிளாஸ் தொடங்குது."

"நல்ல விசயம்தானே. போகச் சொல்லுங்கோ."

"சொன்னா கேட்டாத்தானே. பழக்கிப் பாப்பம் எண்டு ஒரு டைப்ரைட்டரை இரவல் வாங்கி மடியில வச்சன். தள்ளி விட்டிட்டார். 'குருடன் கீயைத் தடவுறதை ஊர் பாத்துப் பாவப்படட்டும் எண்டோ கொண்டந்தனீர்' எண்டு கேட்டார்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இதையும் விட்டா இனி ஒண்டும் வராது அண்ணை. அந்தக் கதிரையில இருந்தபடியே முடிஞ்சு போயிடுவார். ஒருக்கா, ஒரேயொருக்கா அந்தக் கை ஒரு கீயில பட்டிட்டா மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுவன்."

வாய்தான் எனக்கு எதிரி. மனம் யோசிக்க முதல் வாய் கையெழுத்துப் போட்டுவிடும். "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. எங்கட பழைய கிரிக்கெட் கேம் இருக்கு. அதைக் கொண்டு வந்து முன்னால வச்சனெண்டா கை தன்ர பாட்டில போகும். நானும் அதில கொஞ்சம் கெட்டிக்காரன்தானே," என்றேன். புளோறன்ஸ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அவள் போனதும் நாகேஸ்வரி, "பழைய ரேடியோவைத் திருத்தப் போய் வீட்டு பியூஸ் எல்லாம் எரிச்ச கெட்டிக்காரன் நீங்கள்தானே?" என்று கேட்டாள். நான்தான் அது.

வீட்டில் அப்போதுதான் புதிதாய் ஒரு பென்ரியம் வாங்கியிருந்தேன். விண்டோஸ் 98 போட்டது. புளொப்பியைச் செருகி விளையாட்டைத் திறந்தேன். திரை கறுத்தது. போதிய மெமரி இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது. எனக்கு வந்ததே ஒரு கோபம்! அரை மெகாபைட்டும் தேவைப்படாத பழைய சாமான். என் பெட்டியில் முப்பத்திரண்டு மெகாபைட் இருக்கிறது. பிறகு விசாரித்துப் பார்த்ததில் விசயம் விளங்கியது. இந்தப் பழைய விளையாட்டுகளுக்கு மாடி ஏறத் தெரியாது. கீழ்வீட்டில் மட்டும்தான் குடியிருக்கும். விண்டோஸோ தன் சாமான் சக்கட்டையெல்லாம் அந்தக் கீழ்வீட்டிலேயே கொண்டு வந்து அடைத்து வைத்திருந்தது. மவுசைக் கீழ்வீட்டிலிருந்து எழுப்பினேன், சிடியை எழுப்பினேன், விண்டோஸையே வெளியே நிறுத்திவிட்டு வெறும் டொஸ்ஸில் தொடங்கினேன். இவ்வளவும் எழுத இரண்டு வரிதான். செய்ய இரண்டு ஞாயிறு போனது. இடையில் ஒரு தரம் நாகேஸ்வரி பெட்டிக்குள் சேர்த்து வைத்திருந்த தன் தங்கச்சியின் கலியாணப் படங்கள் அத்தனையும் அழிந்தன. அது பற்றி மேலும் கேட்காதீர்கள்.

விளையாட்டு திறந்தது. "ஆஹா!" என்று துள்ளினேன். பந்து போடக் கீயை அமத்தினேன். திரையில் ஏதோ மின்னியது. பார்த்தால் மாட்ச் முடிந்திருந்தது. ஒரு அணி முழுக்க அவுட். ஓடி வந்தவனைக் காணவில்லை, பந்தைக் காணவில்லை. அந்தக் காலத்து விளையாட்டு கொம்பியூட்டரின் ஓட்டத்தையே தன் மணிக்கூடாய் வைத்து ஓடுவது. பழைய பெட்டி நடந்த நடைக்கு எழுதியதைப் புதுப் பெட்டியில் போட்டால் அது தலைதெறிக்க ஓடுகிறது. எனக்கு என்ன தெரியும்? விளையாட்டில் பிழை என்று நினைத்து புளொப்பியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

கொம்பனித்தெருவில் மர்ஸூக் என்று எனக்குப் பழக்கமான ஒருவர் கொம்பியூட்டர் சாமான் கடை வைத்திருந்தார். அவரிடம் எந்த வருத்தத்துக்கும் ஒரே மருந்து: "விண்டோஸ அழிச்சிட்டுப் புதுசாப் போடுவோமே." நான் விடாமல் நின்று விளக்கம் சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

"அல்லாவே, எல்லாரும் வேகம் கூட்டித் தாங்கன்னு வாராங்க. வேகம் கொறைக்க வந்த முதல் ஆள் நீங்கதான் மிஸ்டர் நாதன்."

கடைசியில் மேசை லாச்சியைக் கிளறி ஒரு புளொப்பியை எடுத்துத் தந்தார். கொம்பியூட்டரை மெதுவாக்குகிற ஒரு சின்னப் புரோகிராம் அதில் இருந்தது. நூற்றுக்கு எத்தனை வீதம் என்று ஒரு எண்ணைக் கொடுத்தால் அவ்வளவு நேரம் வேலை செய்துவிட்டு மிச்ச நேரம் சும்மா இருக்குமாம். எங்கள் ஒபிஸ் தலைமைக் கிளாக்கருக்கு இது புரோகிராம் இல்லாமலே வரும். எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு எண்ணில் குச்சி மனிதன் மனிதனாய் ஓடி வந்தான். பழைய வேகம் இதுதான் என்று என் கண் சொன்னது. ஆனால் நான் சும்மா விடுகிறவனா? ஹியூபேட் பாவம், கண் தெரியாதவன், இவ்வளவு வேகத்தை எப்படித் தாங்குவான் என்று இரக்கப்பட்டு இன்னும் நல்லாய்க் குறைத்தேன். இரக்கப்பட்டதற்காக எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வந்தது அடுத்த சிக்கல். குச்சி மனிதனின் காலடிச் சத்தம் பெட்டிக்குள் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் இருந்து டிக்... டிக்... டிக்... என்று வரும். ஒபிசில் டெலெக்ஸ் சத்தத்துக்கு நடுவே யாருக்கும் அது உறைக்கவில்லை. வெள்ளவத்தையில் ஞாயிறு காலை, பக்கத்து வீட்டு மயிலம்மா படியிலேயே நின்று கூப்பிட்டார்.

"தம்பி நாதன், உங்கட வீட்டுக்குள்ள என்ன டிக் டிக் எண்டு கேக்குது? கீழ ஒழுங்கையில பொலிஸ் நிக்குது அப்பன். அதை நிப்பாட்டு ராசா, உனக்குப் புண்ணியம் கிடைக்கும்."

அந்த வருஷங்களில் வெள்ளவத்தையில் தமிழன் வீட்டுப் பெட்டி ஒன்றில் இருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால், அதைக் கிரிக்கெட் என்று நிரூபிக்கும்போது நாங்கள் சிஐடி விசாரிக்கிற நாலாம் மாடியில் இருப்போம். நாங்கள் காலையில் எழுப்புகிற எலாம் மணிக்கூட்டையே துவாயால் சுற்றி வைத்துப் படுக்கிற ஆட்கள். ஓடிப்போய்ப் பெட்டி மூடியைக் கழற்றி, ஸ்பீக்கருக்குப் போகிற வயரைப் பிடுங்கிவிட்டேன். சத்தம் நின்றது. பிறகு நிம்மதியாய் இருந்து நிறத்தைச் சரிபார்த்தேன். புல் பச்சையாய், பந்து வெள்ளையாய், ஆட்கள் எல்லாம் பளிச்சென்று கண்ணைப் பறித்தார்கள். ஒரு குருடனுக்காக இரண்டு நாள் நிறம் சரிபார்த்த மகா நிபுணன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குருத்தோலை ஞாயிறு கழிந்து, பாஸ்குவுக்கு முந்தின சனிக்கிழமை, பெட்டியையும் மொனிட்டரையும் ஓட்டோவில் ஏற்றினேன். கொள்ளுப்பிட்டியில் செக் பொயின்றில் மறித்தார்கள். ஐடென்ரிக் கார்டைப் பார்த்த ஆமிக்காரப் பையன் பெட்டியைத் தட்டி, "மேக்க மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். "கொம்பியூட்டர் எகக் மாத்தயா," என்றேன். "வெட கரனவாத?" என்று கேட்டான். இது வேலை செய்யுமா என்கிறான். என் வாழ்க்கையில் இதைவிடக் கஷ்டமான கேள்வியை ஒரு அதிகாரியும் என்னைக் கேட்டதில்லை. "ஹரியட்டம கியன்ன பே," சரியாய்ச் சொல்லத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போ என்றான்.

ஹியூபேட் பிரம்புக் கதிரையில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தான். மேசையை இழுத்துப் போட்டு வயர்களைப் பொருத்தினேன். புளோறன்ஸ் சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவள் மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை.

"என்னடா கொண்டந்தனீ?" என்றான் ஹியூபேட்.

"எங்கட கிரிக்கெட். புதுப் பெட்டியில ஓட வச்சிருக்கிறன். என்ன கஷ்டம் தெரியுமோ!" பிறகு என் தாழ்ந்த குரலில், நோயாளியிடம் கதைக்கிற குரலில், சொன்னேன்: "நீ ஒண்டுக்கும் யோசிக்காத மச்சான். நான் பக்கத்தில இருந்து பாத்து 'இப்ப அடி' எண்டு சொல்லுவன். நீ ஸ்பேஸ் பாரைத் தட்டினா காணும்."

அவன் அசையவில்லை. "நீ பாத்து, நீ சொல்லி, நான் தட்டுறதெண்டா, விளையாடுறது ஆர்?"

நான் கீபோர்ட்டை மேசையில் நேராக்கி வைத்தேன்.

"சரி, ஒரு பந்து போடு பாப்பம்," என்றான். போட்டேன். குச்சி மனிதன் பச்சைப் புல்லில் பளிச்சென்று ஓடி வந்தான். நான் "இப்ப!" என்றேன். ஹியூபேட்டின் கை மடியிலேயே கிடந்தது.

"எப்ப போடப் போறாய்?" என்று கேட்டான்.

"போட்டாச்சடா. நீ போல்ட்."

"சத்தம் எங்கை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரையில் உறைக்கவே இல்லை, சத்தியமாய்ச் சொல்கிறேன். பூமி பிளந்து உள்ளே போகலாம் என்றால் கொட்டாஞ்சேனையில் எங்கும் தார் ரோட்டு.

"வயரைக் கழட்டிப் போட்டன்," என்றேன். "டிக் டிக் எண்டு கேட்டுது. அங்க பக்கத்து வீட்டுக்காரர் பயந்து போச்சினம். அதுதான்..."

"நாதன்," என்றான் ஹியூபேட், பொறுமையாய், "ஒபிசில நான் கண்ணால ஆடினனெண்டோ நினைச்சனீ? நான் ஆடினது காதால. வேகப் பந்துக்கு அவன்ர காலடி அடுக்கடுக்கா விழும். சுழல் பந்துக்குக் கடைசிக் காலடி கொஞ்சம் பிந்தும். நீதான் முழிச்சு முழிச்சு ஸ்கிரீனைப் பாத்து அவுட் ஆன ஆள்."

ஏழு வருஷம்! ஏழு வருஷம் என்னைத் துவைத்துக் காயப்போட்ட இரகசியத்தை அன்றைக்குத்தான் சொன்னான். படுபாவி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைக் கழற்றி, உள்ளே தொங்கின வயரைத் தேடிச் செருகினேன். டிக்... டிக்... டிக்... மேல்வீட்டு ஜன்னலில் இருந்து, "புளோறன்ஸ்! என்ன சத்தமடி அது?" என்று ஒரு குரல் பதறியது. "கிரிக்கெட், மாக்ரெட் அக்கா!" என்று புளோறன்ஸ் கத்தினாள். கத்தும்போதே அவள் குரல் உடைந்தது.

ஹியூபேட் தலையைச் சரித்துக் கேட்டான். அவன் நெற்றி சுருங்கியது.

"ஆர் இவன் ஓடி வாறது? பிள்ளைத்தாச்சியோ?"

"என்ன?"

"இது எங்கட ஆளின்ர ஓட்டம் இல்லை. எனக்காகக் குறைச்சனியோ?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "ஓம்," என்று வந்துவிட்டது. "உனக்குக் கஷ்டமா இருக்குமெண்டு..."

"பழைய ஓட்டத்தைத் தா. இல்லையெண்டா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போ."

மூன்று வருஷத்தில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான். ஒவ்வொரு தரமும் விளையாட்டை விட்டு வெளியே வந்து, எண்ணை மாற்றி, மறுபடி தொடங்கினேன். அவன் கேட்டான். "இல்லை. இன்னும் கூட்டு... இப்ப கூடிப் போச்சு, இவன் பொலிசைக் கண்டு ஓடுறான்... கொஞ்சம் குறை..." என் கண் கண்டுபிடித்த எண்ணும் பிழை என்று தள்ளினான். கடைசியில் ஒரு எண்ணில் கையை உயர்த்தினான். "நில். தொடாத. இவன்தான்." முகத்தில் இருந்த ஏதோ ஒரு இறுக்கம் கழன்றது. "இவன்தானடா எங்கட ஆள்." அப்படிச் சொல்லிக்கொண்டே கையை மேசைக்குக் கொண்டு வந்து கீபோர்ட்டின் ஓரத்தைத் தொட்டான். தடவிப் பார்க்கவில்லை. கட்டைவிரல் நேரே ஸ்பேஸ் பாரில் போய் இருந்தது. நான் புளோறன்ஸைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் அழுதிருப்பேன்.

முதல் பந்தில் போல்ட். இரண்டாவதிலும் போல்ட். மூன்றாவது பந்துக்கு முன்னால் நான் யோசித்தேன்: ஒரு மெதுப் பந்தைப் போட்டுக் கொடுத்தால் என்ன? பிறகு அந்தக் கோபக் குரலை நினைத்தேன். வேகப் பந்தைப் போட்டேன். டொக் என்று அடித்தான். நாலு.

அதன் பிறகு நடந்ததை விவரமாய்ச் சொல்ல என் மானம் இடம் தராது. அவனை அவுட் ஆக்க எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். வேகமும் சுழலும் மாற்றி மாற்றிப் போட்டேன். அடித்தான். என் முறை வந்தது. இரண்டு கண்ணும் மூக்குக்கண்ணாடியும் உள்ளவன் நான். போல்ட். போல்ட். மறுபடி போல்ட். அவன் சட்டைப் பைக்குள் கை விட்டான். சீப்பு இல்லை. விரலாலேயே தலையை வாரினான்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இது கொட்டாஞ்சேனை, இது நோயாளி வீடு, பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள், எல்லாம் மறந்து போயிற்று. கீபோர்ட்டைத் தள்ளிவிட்டு எழும்பி உச்சக் குரலில் கத்தினேன்:

"கள்ளப் பயலே! என்ர கையைப் பாத்துப் பாத்து விளையாடுறாய்! கள்ள ஆட்டம்! இதெல்லாம் ஒரு வெற்றியோடா!"

பழைய வாய். ஒபிசில் தோற்ற ஒவ்வொரு மத்தியானமும் நான் கத்தின அதே கத்தல். என் விரல் எந்தக் கீக்குப் போகிறதென்று பார்த்துத்தான் அவன் வெல்கிறான் என்று ஏழு வருஷமும் சண்டை பிடித்தவன் நான்.

"அண்ணை!" என்றாள் புளோறன்ஸ், வாயில் கையை வைத்து. என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் நாக்கை அறுத்து மேசையில் வைத்துவிட்டு ஓடலாம் போல இருந்தது.

ஹியூபேட் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "இன்னொருக்காச் சொல்லு," என்றான்.

"மச்சான், குறை நினையாத, வாய் தவறி..."

"சொல்லடா."

"கையைப் பாத்து விளையாடுறாய்," என்று முனகினேன்.

"இப்படி இல்லை. முந்தி மாதிரிச் சொல்லு."

கத்தினேன். மேல்வீட்டு மாக்ரெட் அக்காவுக்கும் கேட்கக் கத்தினேன். ஹியூபேட் சிரிக்கத் தொடங்கினான். கதிரையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமிச் சிரித்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கன்னத்தைத் துடைத்தான். பார்வை போன கண்ணிலும் தண்ணி வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"மூண்டு வருசமா என்னோட ஒருத்தனும் சண்டை பிடிக்கேல்லையடா நாதன்," என்றான். "வாறவன் எல்லாம் செத்த வீட்டுக்கு வந்த மாதிரிக் கதைக்கிறான். நீயும்தான். நான் உண்மையாவே செத்துப் போனன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன்."

பிறகு சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"புளோறன்ஸ், அந்த ட்ரெயினிங் எப்ப தொடங்குது எண்டு சொன்னனீர்?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான்தான் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு, கீபோர்ட்டைத் தன் பக்கம் இழுத்து, "இரு. இன்னொரு மாட்ச்," என்றான்.

ஆடினோம். அதிலும் நான்தான் தோற்றேன். விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. முழு மூச்சோடு ஆடித்தான் தோற்றேன்.